புது கிரிப் போட்டீங்களா? கெளம்பறதுக்கு முன்னாடி த்ராட்டில விட்டுப் பாருங்க

வொர்க்‌ஷாப்புக்கு வர்றவங்க டயர் பத்தி கேப்பாங்க, செயின் பத்தி கேப்பாங்க, பிரேக் பேடு தேஞ்சிருக்கான்னு கேப்பாங்க. ஹேண்டில் கிரிப் பத்தி யாரும் கேக்கறதில்ல. அது அழகுக்குப் போடற சாமான், கலர் பாத்து வாங்குறது, ஆன்லைன்ல 10, 15 வெள்ளிக்கு ஆர்டர் பண்ணி புளோக்கு கீழ கார்பார்க்லயே மாத்திக்கலாம்னு நெனச்சிடறாங்க. மாத்தலாம், தப்பே இல்ல, நானே நிறைய பேருக்கு எப்படின்னு சொல்லிக் குடுத்திருக்கேன். ஆனா வலது கை கிரிப்புங்கறது வெறும் ரப்பர் கிடையாது, அது த்ராட்டில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மேல உக்காந்திருக்கு, அதை தப்பா மாட்டினா கைய விட்ட பிறகும் வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். இதை எழுதறதே அதுக்காகத்தான்.

கொஞ்ச நாள் முன்னாடி டெலிவரி ஓட்டற ஒரு தம்பி செயின் டைட் பண்ண வந்தார். வண்டிய உள்ள தள்ளும்போதே வலது கிரிப் புதுசுன்னு தெரிஞ்சுது, பழக்கதோஷம், திருப்பி விட்டுப் பாத்தேன். திரும்பி வரல. பாதியில நின்னுச்சு, தட்டி விட்டாத்தான் வந்துச்சு. "ஆமாண்ணே கொஞ்சம் மெதுவாத்தான் வருது, கேபிள் பழசாயிடுச்சு போல"ன்னு சொன்னார். கேபிள்ல ஒரு குத்தமும் இல்ல. கிரிப்ப உள்ள வரைக்கும் தள்ளி, பட்டன் எல்லாம் இருக்கற சுவிட்ச் பாக்ஸோட ஒட்டி வச்சிருந்தார், ரப்பர் அதுல உரசுது, அதுக்கு மேல ஊத்துன பசை வழிஞ்சு த்ராட்டில் ட்யூபுக்கும் ஹேண்டில் கம்பிக்கும் நடுவுல போய் காய்ஞ்சிருக்கு. அந்த வண்டியில பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல போய் வந்துக்கிட்டு இருந்திருக்கார், முன்னாடி லாரி பிரேக் போட்டா என்ன ஆகும்னு நெனச்சாலே எனக்கு வயித்தக் கலக்குது.

எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா எதுக்கு இவ்வளவு சொல்றேன்னு புரியும். இடது பக்கம் கிரிப் நேரா ஹேண்டில் கம்பி மேலயே ஒட்டியிருக்கும், அது அசையவே கூடாது. வலது பக்கம் கம்பி மேல ஒரு ப்ளாஸ்டிக் ட்யூப் இருக்கு, அந்த ட்யூப் சுதந்திரமா சுத்தணும், கேபிள் அதுலதான் மாட்டியிருக்கு, கிரிப் அந்த ட்யூப் மேல ஒட்டியிருக்கு. நீங்க முறுக்கும்போது ட்யூப் கேபிள இழுக்கும், விட்டா அந்தப் பக்கம் கார்புரேட்டர்லயோ த்ராட்டில் பாடியிலயோ இருக்கற ஸ்பிரிங் இழுத்து மூடிடும். அந்த ஸ்பிரிங் ரொம்ப பலமானது இல்ல. ரப்பர் எங்கயாச்சும் உரசினா, ஹேண்டில் முனையில மாட்டியிருக்கற பார் எண்ட் ரொம்ப இறுக்கி கிரிப்ப அமுக்கினா, உள்ள பசை போனா, ஸ்பிரிங்கால அதை ஜெயிக்க முடியாது.

அதே ட்யூப்னாலதான் ரெண்டு கிரிப்பும் ஒரே சைஸ் இல்ல. சாதாரணமா நம்ம ஊர்ல ஓடற பைக்ல ஹேண்டில் கம்பி 22 மில்லிமீட்டர், அதாவது முக்கால் இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் நடுவுல, ட்யூபோட சேத்தா வலது பக்கம் கிட்டத்தட்ட 25 வரும். செட்டா வாங்கும்போது ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள் ஓட்டையப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். மாத்திப் போட்டுட்டு இடது பக்கம் லூசா இருக்குன்னு உள்ள இன்சுலேஷன் டேப் சுத்தி ஒட்டினவங்கள பாத்திருக்கேன். டேப்போட பசை வெயில்ல உருகி ரெண்டு வாரத்துல சுத்த ஆரம்பிச்சிடும். பெரிய க்ரூஸர் பைக்ல கம்பியே ஒரு இஞ்சு இருக்கும், அதுக்கு வேற கிரிப்.

எப்ப மாத்தணும்? முறுக்கும்போது ரப்பர் லேசா வழுக்கினா அன்னிக்கே. கை வைக்கும்போது பிசுபிசுன்னு ஒட்டினாலும் மாத்திடுங்க, அது அழுக்கு இல்ல, சோப்பு போட்டு கழுவினா போகாது, ரப்பரே கெட்டுப் போகுது. நம்ம ஊர் வெயிலும் ஈரமும் வேர்வையும் கையில பூசற லோஷன் சன்பிளாக் எல்லாம் சேந்து பண்ற வேலை அது. வண்டி திறந்த வெளியில நிக்குதுன்னா இன்னும் சீக்கிரம். ஃபோம் கிரிப் மெத்துன்னு இருக்கும், ஆனா டிசம்பர் மழையில தண்ணிய குடிச்சிட்டு நாள் பூரா ஈரமா இருக்கும், தினமும் மழையில ஓட்டறவங்களுக்கு அது வேண்டாம்னுதான் சொல்வேன்.

ஜோகூர்ல இருந்து விடியக்காலையில காஸ்வே தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு வர்ற அண்ணன்மாருங்க நிறைய பேர் இடது கிரிப் கழண்டு வந்தா கேபிள் டை போட்டு இறுக்கிட்டு ஓட்டறாங்க. டைம் இல்ல, புரியுது. ஆனா அந்த நெரிசல்ல கிளட்ச் பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு வரும்போது அந்த கைதான் முழு பாரத்தையும் தாங்குது, மழையில அந்த ரப்பர் கையோட கழண்டு வந்தா ஹேண்டில் ஒரு பக்கம் இழுத்துடும். சரியா ஒட்டி மாத்த அரை மணி நேரம்கூட ஆகாது, காயறதுக்குத்தான் நேரம்.

கழட்டும்போது முதல்ல மாட்டிக்கிறது பார் எண்ட் ஸ்க்ரூதான். ஜப்பான் பைக்ல வர்ற ஸ்க்ரூ ஜேஐஎஸ்ங்கற ஜப்பான் அளவு, சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூட்ரைவர் அதுல முழுசா உக்காராது, பலமா திருப்பினா தலை தேஞ்சு போயிடும், அப்புறம் டிரில் பண்ணித்தான் எடுக்கணும். சரியான முனை போட்டு, நல்லா அமுக்கிக்கிட்டு திருப்புங்க. பழைய இடது கிரிப்ப பிளேடால நீளவாக்குல கிழிச்சு எடுத்துடலாம், கத்தி உங்க கைய பாத்து வராம வெளிப்பக்கமா போகட்டும். வலது பக்கம் அப்படி கிழிக்காதீங்க, கீழ ப்ளாஸ்டிக் ட்யூப். கத்தி ஆழமா பட்டா கோடு விழுந்து நாளைக்கு அங்கயே வெடிக்கும். ஸ்க்ரூட்ரைவர் விட்டு நெம்பினாலும் அதேதான். எங்ககிட்ட கம்ப்ரஸர் காத்து இருக்கு, கிரிப்புக்கு உள்ள காத்து அடிச்சா ரப்பர் உப்பி தானா நழுவி வரும். வீட்ல செய்யறவங்க மெதுவா மேலோட்டமா கீறி உரிச்சு எடுங்க, அவசரம் வேண்டாம். சில வண்டியில கிரிப்பும் ட்யூபும் ஒண்ணா சேத்தே வார்த்திருப்பாங்க, அதுக்கு ட்யூபோட சேத்துதான் வாங்கணும். த்ராட்டில் எலக்ட்ரானிக்கா இருக்கற புது பைக்குன்னா வலது பக்கத்த வொர்க்‌ஷாப்புக்கே விட்டுடுங்க.

ஒட்டறதுதான் முக்கியம். கிரிப் ஈஸியா உள்ள போகணும்னு எண்ணெய், டபிள்யூடி-40, பாத்திரம் கழுவற சோப்பு இதெல்லாம் போடாதீங்க. இந்த ஊர் ஈரப்பதத்துல ரப்பருக்குள்ள இருக்கற சோப்புத் தண்ணி காயவே காயாது, எண்ணெய்யப் பத்தி சொல்லவே வேண்டாம். சூப்பர் க்ளூவும் வேண்டாம், நேரா வைக்கிறதுக்குள்ள பிடிச்சிடும், அப்புறம் அதிர்வுல மொறுமொறுன்னு உடைஞ்சு விட்டுடும். கிரிப்புக்குன்னே விக்கிற பசை இருக்கு, அதை வாங்குங்க. பழைய பசைய ஆல்கஹால் தொட்டு சுத்தமா துடைச்சிட்டு, மெல்லிசா ஒரு பூச்சு, வலது பக்கம் ட்யூபோட ரெண்டு முனையிலயும் கொஞ்சம் இடம் விட்டு பூசுங்க, அப்பத்தான் வழிஞ்சு உள்ள போகாது. ஹோண்டா சர்வீஸ் மேனுவல்ல ஒட்டிட்டு ஒரு மணி நேரம் காய விடச் சொல்லியிருப்பாங்க. நான் ராத்திரி ஒட்டி காலையில எடுங்கன்னு சொல்றேன், இங்க காத்துல இருக்கற ஈரத்துக்கு அதுதான் நல்லது. டெலிவரி தம்பிங்க மத்தியானம் ஒட்டிட்டு டின்னர் ஆர்டருக்கு ஓடறது எனக்குத் தெரியும், தயவுசெஞ்சு வேணாம்.

இப்ப சோதனை. இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போதே வலது கிரிப்ப முழுசா திருப்பி டக்குனு கைய விடுங்க, "டப்"னு சத்தத்தோட தானா மூடணும். கால்வாசி திருப்பி விடுங்க, பாதி திருப்பி விடுங்க, எங்க விட்டாலும் அப்படியே மூடணும். ஹேண்டில முழுசா இடது பக்கம் வெட்டி ஒரு தடவ, வலது பக்கம் வெட்டி ஒரு தடவ. சுவிட்ச் பாக்ஸுக்கும் கிரிப்புக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி தெரியணும், பார் எண்ட் பக்கமும் அப்படித்தான். அப்புறம் த்ராட்டில்ல சும்மா ஆடற இடம், அதாவது கேபிள் இழுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கற லூசு, நிறைய ஹோண்டா பைக்ல 2-ல இருந்து 6 மில்லிமீட்டர் கேப்பாங்க, உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும். கடைசியா இன்ஜின ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல வச்சு ஹேண்டில ரெண்டு பக்கமும் வெட்டிப் பாருங்க, இன்ஜின் சத்தம் ஏறுச்சுன்னா கேபிள் எங்கயோ இழுபடுது, ஓட்டாதீங்க.

இன்னொண்ணு. மலேசியா பக்கம் தூரமா போறவங்க மணிக்கட்டு வலிக்காம இருக்க கிரிப் மேல ஒரு ப்ளாஸ்டிக் தட்டு மாட்டிக்கறாங்க, உள்ளங்கையால அமுக்கினாலே த்ராட்டில் போகும். ஹைவேல சுகமா இருக்கும். அது கொஞ்சம் சுத்தி நகந்து பிரேக் லீவர்ல மாட்டிக்கிட்டா த்ராட்டில் திறந்தே நிக்கும். நம்ம டவுன் டிராஃபிக்ல அதை கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு ஓட்டுங்க. கிரிப் மேல உறை மாதிரி போடற ரப்பரும் அப்படித்தான், அது சுவிட்ச் பாக்ஸ தொடக்கூடாது.

ஓடும்போதே த்ராட்டில் மாட்டிக்கிச்சுன்னா கிரிப்போட சண்டை போடாதீங்க. கிளட்ச்ச முழுசா பிடிங்க, வலது கட்டைவிரலால இன்ஜின அணைக்கிற சிவப்பு கில் சுவிட்ச்ச தட்டுங்க, ரெண்டு பிரேக்கையும் சேத்து போட்டு ஓரமா வாங்க. இன்ஜின் கத்தும், பயப்பட வேண்டாம், கிளட்ச் பிடிச்சிருந்தா சக்கரத்துக்கு இழுவை போகாது. ஸ்கூட்டர்ல கிளட்ச் கிடையாது, அதுனால கில் சுவிட்ச்தான் முதல்ல. சில சின்ன வண்டியில கில் சுவிட்ச்சே இருக்காது, சாவிய ஆஃப் வரைக்கும் மட்டும் திருப்புங்க, அதுக்கு மேல திருப்பினா ஹேண்டில் லாக் ஆகிடும். உங்க வண்டியில அந்த சுவிட்ச் எங்க இருக்கு, இருக்கா இல்லையான்னு இன்னிக்கே கார்பார்க்ல ஒரு தடவ பாத்து வச்சுக்கோங்க.

ஒட்டின மறுநாள் காலையில ரெண்டு கிரிப்பையும் கைய நல்லா இறுக்கி பிழிஞ்சு திருப்பிப் பாருங்க. இடது பக்கம் கொஞ்சம் நகந்தாலும், வலது பக்கம் ட்யூப விட்டுட்டு ரப்பர் மட்டும் சுத்தினாலும் ஒட்டல்னு அர்த்தம், கழட்டி துடைச்சு திரும்ப ஒட்டணும். சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கற எந்த வொர்க்‌ஷாப்புக்காச்சும் மெதுவா தள்ளிக்கிட்டே வாங்க, உபியோ காக்கி புக்கிட்டோ வூட்லண்ட்ஸோ, த்ராட்டில திருப்பி விட்டு பாத்துச் சொல்ல எந்த மெக்கானிக்கும் காசு கேக்க மாட்டார்.