'ஆபத்துக் காரணி' யாருக்கு ஆபத்து?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தாமானில் (குடியிருப்பில்) அடுத்த வீட்டு அக்காவின் மருமகளுக்கு எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை நலம். போன வாரம் பாலாய் ராயா பொது மண்டபத்தில் யாரோ கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையை அக்கா என்னிடம் நீட்டினார். "குறைப்பிரசவத்துக்கு ஈறு நோய் ஓர் ஆபத்துக் காரணி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"பாத்தியா தம்பி, காரணம்னே போட்டுட்டான். மாசமா இருந்தப்ப பல்லு வெளக்குனா ரத்தமா துப்புவா. நர்ஸ் மிஸ்ஸி பல் கிளினிக்குக்குப் போகச் சொல்லியும் போகல."

மருமகள் நிமிரவில்லை. பிள்ளையின் காலுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா தப்பாகப் படிக்கவில்லை. எழுதியவர்தான் தப்பாக எழுதியிருக்கிறார். இந்த 'ஆபத்துக் காரணி'யை இன்னும் எத்தனை தடவைதான் சகித்துக்கொள்வது?

மூலச்சொல் 'ரிஸ்க் ஃபேக்டர்'. மலாய்க்காரர்கள் 'ஃபக்தோர் ரிசிக்கோ' என்பார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் இதயநோய் ஆய்வாளர்கள் 1961இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மருத்துவத்தில் பரவியது. எது இருப்பவர்களிடம் ஒரு நோய் அதிகமாகக் காணப்படுகிறதோ, அது ரிஸ்க் ஃபேக்டர். அதுதான் நோயை உண்டாக்கியதா என்பது வேறு கேள்வி. சொல்லின் பொருள் இவ்வளவுதான்.

இப்போது 'காரணி'யைப் பாருங்கள். ஊக்குவது ஊக்கி, இயக்குவது இயக்கி. அந்த இகரம் சேர்ந்தாலே தமிழ்க் காதுக்கு 'செய்வது' என்றுதான் விழும். போதாக்குறைக்குக் கிருமிக்கும் 'நோய்க் காரணி' என்றே எழுதுகிறோம். கிருமி உண்மையிலேயே நோயை உண்டாக்குவது. அதற்கும் இதற்கும் ஒரே சொல்லா? ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "லத்தீனில் ஃபேக்டர் என்றாலும் 'செய்பவன்'தானே ஐயா, மொழிபெயர்ப்பு சரிதான்" என்றார். லத்தீன் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துண்டறிக்கையைப் படிப்பது அக்கா, லத்தீன்காரன் இல்லை. "கணக்கில் 3 என்பது 12இன் காரணி என்கிறோமே?" என்று மறுபடியும் மடக்கினார். அங்கே 3 எதையும் உண்டாக்கவில்லை, 12க்குள் ஒரு கூறாக இருக்கிறது. அந்தக் 'கூறு'தான் நமக்கு வேண்டியது.

நம் சைவ சித்தாந்திகள் குடத்தை வைத்தே காரணத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இவ்வளவு நுணுக்கம் கையில் இருந்தும் எல்லாவற்றையும் 'காரணி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

சரி, ஈறு விஷயத்துக்கு வருவோம். கர்ப்பத்தில் ஹார்மோன்கள் ஏறுவதால் பல்லில் படியும் அழுக்குக்கு ஈறு அதிகமாகவே சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இது ஈறு அழற்சி. பல்லைத் தாங்கும் எலும்புவரை அரித்தால் அது பல்சூழ் நோய். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது இன்னொரு சோம்பேறித்தனம். 1996இல் வட கரோலினா ஆய்வாளர்கள் 124 தாய்மாரைப் பார்த்து, பல்சூழ் நோய்க்கும் எடை குறைந்த குறைமாதப் பிள்ளைகளுக்கும் வலுவான தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். அழற்சியில் சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பேற்று வலியையும் தூண்டக்கூடியது என்பதால் ஊகம் பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் 2006இல் 823 கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கர்ப்பத்திலேயே ஈறுக்கடியில் பல்லில் இறுகிய காரையைச் சுரண்டினார்கள், மற்றதற்குப் பேற்றுக்குப் பிறகு. 37 வாரத்துக்கு முன் பிறந்தவை முதல் பிரிவில் 12.0 சதவீதம், இரண்டாவதில் 12.8. பெரிய வித்தியாசமே இல்லை. ஈறு தேறியது, சிகிச்சையால் தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல் இல்லை, அதனால் பல் கிளினிக்குக்குப் போவது நல்லதுதான். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளியதா என்பது தீரவில்லை. புகைப்பழக்கம், நீரிழிவு, வறுமை எல்லாம் ஈற்றையும் கெடுக்கும், பேற்றையும் கெடுக்கும். அந்த மரத்தில் காக்கைகள் பல.

ஆகவே நான் எழுதுவது 'இடர்க்கூறு'. ஆபத்து என்றால் தலைக்கு மேல் தொங்குவது. இடர் வரலாம், வராமலும் போகலாம். துண்டறிக்கைக்கு அந்தச் சொல்கூட வேண்டாம். 'பல்லைத் தாங்கும் எலும்புவரை ஈறு நோய் முற்றிய தாய்மார்களிடம் குறைமாதப் பேறு சற்று அதிகமாகக் காணப்படுகிறது' என்றால் அக்காவுக்கே புரியும். குறைப்பிரசவத்தையும் குறைமாதப் பேறு என்றே எழுதலாம். குறைந்தது மாதம், பிள்ளையிடம் குறை இல்லை. இதற்கு 'முன்கூட்டிய பிரசவம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. முன்கூட்டியே டிக்கெட் எடுத்து வைத்தாளா அவள்?

துண்டறிக்கையில் அந்த வரியைப் பேனாவால் அடித்து, மேலே என் வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்ப என்னதான் காரணம்?"

பல பேறுகளில் டாக்டருக்கே தெரிவதில்லை அக்கா, என்றேன். மருமகள் அப்போதுதான் நிமிர்ந்து, "தேத்தண்ணி கலக்கட்டுமாண்ணே?" என்றாள்.