மாலை போட்ட இரண்டாம் நாள் வரும் வலிப்பு

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுவார்கள். சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கும். இந்த இரண்டு நாட்களுக்கும் அடுத்த இரண்டு மூன்று நாளில் வலிப்போடு ஒருவரைத் தூக்கி வந்தால், சுகர் பார்த்த கையோடு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "கடைசியாக எப்போது குடித்தார்?" வீட்டார் கோபப்படுவார்கள். "குடியை விட்டாச்சு டாக்டர், விட்டப்புறம்தான் இது வந்தது. அப்போ குடியால இல்லையே?"

குடியால்தான். விட்டதால்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை, அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன்.

வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவரின் மூளை சாராயத்தின் மந்தத்தைச் சமாளிக்கத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். சாராயம் திடீரென்று நின்றால் முறுக்கு மட்டும் மிச்சம். கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கிவிடும். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். இல்லாத பூச்சியைத் தட்டுவார், மகனை யாரென்று கேட்பார். சாமி வந்ததென்று திருநீறு பூசுவதும், பேய் என்று ஜெபத்துக்குக் கூட்டிப்போவதும் இந்த நேரத்தில்தான். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உறுதியானவர்தான் ஒரே நாளில் நிறுத்துகிறார், அவருக்குத்தான் வலிப்பு வருகிறது. விரதம் இருக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்து டாக்டரைப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறோம்.

எரிச்சல் வேறொன்றில். இப்படி வருகிறவரின் சட்டைப் பையில் பல நேரம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டு இருக்கும். மாதாமாதம் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வாங்கியிருப்பார். குடியைப் பற்றி அதில் ஒரு வரி இராது. கேட்டிருந்தாலும் "குடிப்பீங்களா?" என்று கேட்டிருப்பார்கள். "எப்பவாச்சும்" என்பது பதில். அப்படிக் கேட்கக் கூடாது. "வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர்?" என்று கேளுங்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்று ஆறு அளவுக்குச் சமம் (ஒரு அளவு என்பது 30 மில்லி விஸ்கி, அதில் சுமார் 10 கிராம் ஆல்கஹால்). "காலையில் எழுந்ததும் கை நடுங்குமா, நடுக்கம் நிற்கக் குடிப்பதுண்டா?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்றால் அவரைச் சீட்டோடு அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது.

ஏனென்றால் சீட்டு எழுதினால் ஆள் போவதில்லை. அமெரிக்காவில் அபின் வகைப் போதைக்கு மெதடோன் என்ற மருந்துச் சிகிச்சை பெற்றவர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. உடல் நோய்க்கு அதே இடத்தில் மருத்துவம் கிடைத்தவர்களில் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெற்றார்கள். வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 35 சதவீதம் பேர்தான். அங்கேயே அப்படியென்றால், கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டிலிருந்து பஸ் மாறி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவரை யோசித்துப் பாருங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியும் முன் தோட்டத்துக்குப் போனால் பால் எடுத்து முடிக்கப் பத்து மணிக்கு மேல் ஆகும், ஓபி காலையோடு முடிந்துவிடும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் தொழிலாளி வாரக்கணக்கில் கடலில் இருப்பார்; "அடுத்த செவ்வாய் வாங்க" என்பது அவருக்கு அர்த்தமில்லாத வாக்கியம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சிகிச்சையைத் தொடங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. மே மாதமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புகிறவர் செய்ய வேண்டியது: நோயாளி எதிரில் இருக்கும்போதே போதை சிகிச்சை ஓபிக்குப் போன் போட்டு நாளும் நேரமும் வாங்கி, யாரைப் பார்க்க வேண்டும் என்று பெயரோடு சீட்டில் எழுதுவது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த நாளில் வருகிறார் என்பது சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். வராவிட்டால் இரண்டு நாளுக்குள் ஒரு போன். திட்ட வேண்டாம். "என்ன அண்ணே, வரலியா?" போதும்.

வெளிநோயாளியாகவே குடியை நிறுத்த முடியும். பத்து நாள் உள்ளே போட்டால்தான் சரியாகும் என்பது இன்னொரு நம்பிக்கை. நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கத் தரும் மாத்திரையை வீட்டில் கையில் வைத்துக் கொடுக்க நிதானமான ஒருவர் வேண்டும். முதல் வாரம் தினமோ ஒன்றுவிட்ட நாளோ காட்ட வேண்டும். மாத்திரையை நாளுக்கு நாள் குறைப்பார்கள். ஆனால் முன்பு வலிப்போ பிதற்றலோ வந்தவர், மஞ்சள் காமாலை அல்லது ரத்த வாந்தி உள்ளவர், கர்ப்பிணி, தனியாக வசிப்பவர், வயதானவர், இவர்களுக்கு வீட்டில் வேண்டாம். அட்மிஷன்தான்.

இனி மாத்திரைச் சண்டைகள். சுகர், பிரஷர் பார்க்கும் ஓபியும் போதை சிகிச்சை ஓபியும் ஒருவரை ஒருவர் பார்க்காததால் நடப்பவை.

காலை ஓபிக்கு வரும் குடிகாரரின் பிரஷர் 160/100 இருக்கும். அதில் ஒரு பங்கு, ராத்திரிக் குடி இறங்கும் நடுக்கத்தின் கணக்கு. இன்னொரு மாத்திரை கூட்டுவார்கள். குடியை நிறுத்திச் சில வாரத்தில் பிரஷர் தானாக இறங்கும், மாத்திரை அப்படியே இருக்கும், அவர் தலைசுற்றி விழுவார். நிறுத்திய இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் பிரஷர் பார்க்காமல் பழைய சீட்டை ரிப்பீட் செய்யாதீர்கள்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் குடிப்பவருக்குச் சர்க்கரை தாழும். வாடை அடிப்பதால் "போதை தெளியட்டும்" என்று ஓரமாகக் கிடத்துவார்கள். முதலில் விரலில் குத்திப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்காதீர்கள், தயமின் (வைட்டமின் பி1) ஊசியைக் கூடவே போடுங்கள். சர்க்கரை சரியாக இருப்பவருக்குத் தெம்புக்கென்று பாட்டில் ஏற்றுவதானால் தயமின் முதலில். தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் மூளையைக் கெடுத்துவிடலாம்.

அப்புறம் டைசல்பிராம், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை. தயவுசெய்து சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் கலக்காதீர்கள் அக்கா. அவர் குடித்ததும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் விழும். இதயக் கோளாறு இருந்தால் திரும்பக் கிடைக்க மாட்டார். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. தெரிந்தே சாப்பிடுகிறவரும் கவனிக்க வேண்டும்: நம் ஊரில் வயிற்றுக்கு, இடுப்புக்கு என்று குடிக்கும் அரிஷ்டத்திலும் ஆல்கஹால் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் சேர்த்தால் மனம் குழம்பும். டிபி மாத்திரையில் உள்ள ஐசோனியசிடோடு சேர்ந்தால் நடை தள்ளாடும். குடித்துவிட்டான் என்று அடி வாங்குவார், பாவம்.

குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் சாப்பிடுகிறவர் வெட்டுக்காயத்தோடு வந்தால் டிரமடோல் என்ற வலி மருந்து சரியாக வேலை செய்யாது. தினமும் டிரமடோல், டேபென்டடோல் எடுப்பவருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்தாலோ அரை மணியில் துடித்துப்போவார். குறைந்தது ஏழு முதல் பத்து நாள் இடைவெளி வேண்டும். அந்த வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசி போடும் தம்பிகளுக்குச் சீழ்க்கட்டியை மட்டும் கீறி அனுப்பாதீர்கள். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி பரிசோதனை எடுங்கள், இந்த வகைப் போதையை விட உதவும் பியூப்ரெனார்பின் மாத்திரை பற்றிச் சொல்லி அனுப்புங்கள். சில வாரம் விட்டிருந்து பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடும் என்பதை வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

வெளியே தெரிந்துவிடுமே என்று தயங்குகிறவர்களுக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி, போதைப் பழக்கமும் அடங்கும். உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. நேரில் வருமுன் பேச வேண்டுமானால் மனநல உதவி எண் 14416. வலிப்பு, பிதற்றல் என்றால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், 108.

வரும்போது எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், அரிஷ்டப் பாட்டில் உட்பட. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, சுகர் ஓபியிலும் போதை சிகிச்சை ஓபியிலும் அதே நோட்டை நீட்டுங்கள். "இதில் எழுத மாட்டோம்" என்று சொன்னால் எழுதும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.