சிகரெட்டை நிறுத்தினால் மாத்திரையின் வீரியம் ஏன் கூடுகிறது?

மனநல செவிலியர் பயிற்சியில் இருக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "மனச்சிதைவுக்கான குளோசபின் மாத்திரை சாப்பிடும் நோயாளி ஒருவர் வார்டில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. மாத்திரையின் அளவை யாரும் கூட்டவில்லை. ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், எச்சில் ஒழுகுகிறது, எழுந்து நின்றால் தள்ளாடுகிறார். ஏன்?"

வெளியே இருந்தபோது புகைப்பாரா என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். தினம் ஒரு பாக்கெட்டுக்கு மேல் என்றார். வார்டிலோ புகைக்கத் தடை. காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் கலக்கும், கல்லீரலின் நொதிகள் அதைச் சிதைக்கும். இது பள்ளிப் பாடம். குளோசபினையும் அதே வகை மருந்தான ஓலன்சபினையும் பெரும்பாலும் சிதைப்பது சிஒய்பி1ஏ2 என்ற நொதி. இனி வருவதுதான் எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத இடம்.

புகையிலை எரியும்போது பாலிசைக்ளிக் அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் உண்டாகின்றன. இவை கல்லீரல் செல்லுக்குள் போனதும், அங்கே சும்மா மிதந்துகொண்டிருக்கும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்பது அதன் பெயர். ஒட்டிய மாத்திரத்தில் அந்தப் புரதம் உட்கருவுக்குள் நுழைகிறது, கூட்டாளிப் புரதம் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது, டிஎன்ஏவில் தனக்கென்று உள்ள இடத்தில் போய் அமர்கிறது. உடனே சிஒய்பி1ஏ2 மரபணு முடுக்கிவிடப்படுகிறது. நொதி மளமளவென்று உற்பத்தியாகிறது. நச்சு வந்துவிட்டது, அப்புறப்படுத்த ஆள் சேர் என்பதுதான் கட்டளை. வந்த ஆட்களோ நச்சையும் மாத்திரையையும் பிரித்துப் பார்ப்பதில்லை, இரண்டையும் சிதைக்கிறார்கள். அதனால்தான் புகைப்பவருக்குக் குளோசபின் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சிலருக்கு ஏறத்தாழ இருமடங்கு.

புகை நின்றால் கட்டளையும் நிற்கிறது. கூடுதலாக இருந்த நொதி ஒன்றரை, இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்து, ஒரு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. விழுங்குவது அதே மாத்திரைதான், ஆனால் இரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறிவிடலாம். அளவு மிஞ்சினால் வலிப்புகூட வரும்.

இதில் நிகோட்டினுக்குப் பங்கில்லை. ஏக்கத்தைத் தணிக்க நிகோட்டின் பட்டை ஒட்டினாலும் நொதி குறையத்தான் செய்யும். மெல்லும் புகையிலையும் நொதியைக் கூட்டாது, அதில் எரிதல் இல்லை. காபியின் காஃபீனைச் சிதைப்பதும் இதே நொதிதான். புகையை நிறுத்தியவர் வழக்கம்போல் காபி குடித்தால் காஃபீன் உடலில் தேங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அதை நிகோட்டின் ஏக்கம் என்றோ நோய் முற்றுகிறது என்றோ தவறாகக் குறித்துவிட வாய்ப்புண்டு. நொதிக்காகக் காஃபீனும் குளோசபினோடு போட்டியிடுவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு இன்னும் ஏறும்.

மனச்சிதைவு உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட மிக அதிகம். ஆனால் செவிலியர் பாடங்களில் மனநோய் ஓர் அத்தியாயம், போதைப் பழக்கம் வேறோர் அத்தியாயம் என்று பிரித்தே நடத்துகிறோம். நோயாளி இரண்டோடும் ஒரே ஆளாக வந்து நிற்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புகையை "மன உறுதி இல்லாதவர்" என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகிறவர்கள், எத்தனை சிகரெட் என்று கேட்கக்கூட மறந்துவிடுகிறார்கள்.

அந்த மாணவிக்கு எழுதியது இது: இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் மாத்திரையைக் குறைப்பார்கள். குறைத்த அளவோடு வீடு திரும்புகிறவர் மறுபடி புகைக்கத் தொடங்கினால் நொதி மீண்டும் பெருகும், மருந்து போதாமல் போகும், மருந்தால் அடங்கியிருந்த மாயக் குரல்கள் திரும்பக் கேட்கலாம். வீட்டிலோ, மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவரைத்தான் கடிந்துகொள்வார்கள். ஆகவே அவரை அனுப்பும் நாளில், சீட்டில் மருந்தின் அளவுக்குப் பக்கத்திலேயே "வார்டில் புகைக்காத நிலையில் தீர்மானித்த அளவு" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.