கடைசி லோடு யார் வண்டியில் ஏறுகிறது?

ஓய்வுபெற்ற கடத்தல்காரன் ஒருவன் மலையில் சின்னதாக டீக்கடை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். பழைய கூட்டாளி வருகிறான். "இது ஒண்ணு மட்டும் முடிச்சுக் கொடு, அப்புறம் உன் பக்கமே வர மாட்டோம்" என்கிறான். மகளுக்கு ஆபரேஷன், பணம் வேண்டும். கூட்டாளி துரோகம் செய்வான், நல்ல போலீஸ்காரர் ஒருவர் கடைசியில் துப்பாக்கியைத் தாழ்த்தி அவனைப் போகவிடுவார். சமீபத்தில் பார்த்த ஒரு படத்தின் கதையைத்தான் சொல்கிறேன், ஆனால் நீங்கள் பார்த்த நாலு படங்களுக்கும் இதுவே பொருந்தும். கூட்டாளியின் முகத்தைக் காட்டியதுமே பக்கத்து சீட்டில் "இவன்தான் மாட்டிவிடப் போறான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

கதை முன்கூட்டியே தெரிவது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. நீலகிரியில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிற வக்கீலாக என்னை உறுத்தியது வேறு. படத்தில் சரக்குக்கு ஒத்துக்கொள்பவனும் ஏற்றுபவனும் ஓட்டுபவனும் ஒரே ஆள். நான் ஆஜராகிற கஞ்சா வழக்குகளில் அவர்கள் வேறு வேறு ஆட்கள், மாட்டுவது பெரும்பாலும் டிரைவர். "கடைசியா ஒரு லோடு" என்று முடிவெடுத்தவர் எங்கோ இருப்பார், வண்டி ஓட்டி வந்த பையனுக்கு அதுதான் முதல் லோடாக இருக்கும்.

அந்தப் பையனின் கதைக்குப் போகும் முன், படத்தில் வரும் மைசூர் ரோட்டுக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நள்ளிரவில் முதுமலைக் காட்டுக்குள் ஜீப் பறக்கிறது. தெப்பக்காட்டைத் தாண்டிக் கர்நாடக எல்லையான கக்கநல்லாவுக்குப் போகிற ரோட்டை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், அந்தப் பக்கம் பண்டிப்பூரில் 2009 முதலே இரவுத் தடை இருக்கிறது. ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிக்கும் சில பஸ்களுக்கும்தான் விலக்கு. கூடலூரில் லாரிக்காரர் யாரையாவது கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். நிஜத்தில் சரக்கு வருவது பட்டப்பகலில், கேரட் மூட்டைக்கு நடுவிலோ, வீடு மாற்றுகிற சாமானுக்கு அடியிலோ, ஹார்ன் கூட அடிக்காமல், வரிசையில் நின்று.

2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். அதனால் எந்த வண்டி, யார் பெயரில், எந்தத் தேதியில் என்பதெல்லாம் பதிவாகிவிடுகிறது. டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவெண் வண்டிக்கு, ஊட்டி வர அது தேவையில்லை. மலைக்கு ஏறும் வழியில் கல்லாறு, குஞ்சப்பனை செக்போஸ்ட்களில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்களும் உள்ளூர் காய்கறி வண்டியை "போப்பா" என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். முகம் தெரியாத ஒருவர் குறிப்பாக டிஎன் 43 பிக்கப்தான் வேண்டும் என்று கேட்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற வாடகையைப் போல மூன்று மடங்கு தருகிறேன் என்றால், அந்த மீதி இரண்டு மடங்கு எதற்கு என்று அப்போதே கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் பின்னால் அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்பார்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதை இது, அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையனுக்கு வண்டிக்கு டியூ கட்ட வேண்டியிருந்தது. தெரிந்த அண்ணன் ஒருவர் வழியாக வந்த ட்ரிப், போகிற வழியில் இரண்டு மூட்டையை ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். செக்போஸ்ட்டில் பிரித்தபோது உள்ளே கஞ்சா. அந்த அண்ணனின் போன் அன்று மாலையே ஸ்விட்ச் ஆஃப். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், அவனுக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னே தெரியாதே, அதைச் சொன்னா விட்டுருவாங்கள்ல?"

விட மாட்டார்கள், அவ்வளவு சுலபமாக. 1985ஆம் வருடத்துப் போதைப் பொருள் சட்டம், நாங்கள் என்டிபிஎஸ் என்று சொல்வது, மற்ற குற்றவியல் சட்டங்களைப் போல நடக்காது. பொருள் உங்கள் கைவசம் இருந்தது என்று அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும், அது சரி. நிரூபித்துவிட்டால், தெரிந்தேதான் வைத்திருந்தீர்கள் என்று 35, 54ஆம் பிரிவுகளின்படி நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில். 2003இல் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: காரில் ஒன்றாகப் போனவர்கள் அத்தனை பேரும் சிக்கினார்கள், தெரியாது என்பவர் அதைத் தானே நிலைநாட்ட வேண்டும். வெறும் வாய் வார்த்தை போதாது. வாடகை எவ்வளவு, யார் போன் செய்தார்கள், ஜிபேயில் யார் அட்வான்ஸ் போட்டார்கள், வழக்கமாக அந்த ரூட்டில் ஓடுகிற வண்டியா, இவைதான் பேசும்.

அளவைப் பொறுத்துத் தண்டனை மாறும். கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு, அதிகபட்சம் ஒரு வருடம். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 வருடம், 20 வருடம் வரை போகலாம், அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்கும். நடுவில் வந்தால் 10 வருடம் வரை. ஜாமீன்தான் இன்னும் கஷ்டம். வணிக அளவு என்றால் 37ஆம் பிரிவு வந்து நிற்கும்: இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் மறுபடி செய்ய மாட்டார் என்று இரண்டிலும் நீதிபதி திருப்தி அடைந்தால்தான் ஜாமீன். விசாரணையே முடியாதபோது முதலாவதை எப்படிக் காட்டுவது? குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் 180 நாள் அவகாசம் உண்டு, அதை ஒரு வருடம் வரை நீட்டிக்கவும் வழி இருக்கிறது. அந்த நாட்களில் வண்டி டியூ நிற்காது.

படத்து ஹீரோ ஏற்கெனவே ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று பெருமையாகக் காட்டுகிறார்கள். பழைய தண்டனையும் இதே சட்டத்தில், இதே அளவு தண்டனைக்குரிய குற்றத்துக்கு என்றால் 31ஆம் பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும், அதாவது 20 வருடம் என்பது 30. கடைசி லோடு எடுக்க மிக மோசமான ஆள் அவன்தான், அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் நிஜத்தில் அந்த மாதிரி ஆள் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

வண்டி உரிமையாளர்களுக்கு. 60ஆம் பிரிவின்படி வண்டி பறிமுதலாகலாம். தப்பிக்க வேண்டுமானால் உங்களுக்குத் தெரியாது என்று காட்டினால் மட்டும் போதாது, உங்கள் ஏஜென்டுக்கும் வண்டியை வைத்திருந்த டிரைவருக்கும் தெரியாது, எல்லோரும் தகுந்த முன்னெச்சரிக்கையோடு இருந்தார்கள் என்றும் நிரூபிக்க வேண்டும். டிரைவர் தெரிந்தே செய்திருந்தால், ஊரில் தூங்கிக்கொண்டிருந்த உரிமையாளரின் வண்டியும் போகும். இது ரொம்பக் கடுமை என்பது என் கருத்து, ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சின்ன ஆறுதல்: 2025 ஜனவரியில், அஸ்ஸாமில் பிடிபட்ட லாரி ஒன்றைப் பற்றிய வழக்கில், விசாரணை முடியும்வரை வண்டியை இடைக்காலமாக விடுவிக்க இந்தச் சட்டத்தில் தடை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்டேஷன் வாசலில் வண்டி துருப்பிடிக்கிறதே என்று புலம்பாமல் மனுப் போடுங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் கவனியுங்கள். ரூமில் என்ன நடக்கிறது என்று தெரிந்தே அனுமதித்தால் 25ஆம் பிரிவின்படி அந்தக் குற்றத்துக்கான தண்டனையே உங்களுக்கும். போதைக் காளான் இயற்கையாக முளைப்பதுதானே, தப்பில்லை என்று கொடைக்கானல் பக்கம் சிலர் சொல்வார்கள். அதில் இருக்கிற சைலோசைபின் இதே சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

பிடிபட்டுவிட்டால்? ஓடாதீர்கள். உடம்பைச் சோதிக்கும் முன் மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை 50ஆம் பிரிவில் இருக்கிறது. கையில் வைத்திருக்கும் பைகளுக்கும் வண்டிக்கும் அது கிடையாது, பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று 2020இல் தூபான் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது, அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ஆனால் போன் பதிவும் சிசிடிவியும் அப்படியே இருக்கும், அந்தத் தீர்ப்பே போதும் என்று நினைக்க வேண்டாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் காவலில் இருக்கிற யாருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்கு வீட்டில் இருப்பவர்கள் போன் செய்யலாம்.

காய்கறி லோடுக்கு இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு, தேவையில்லை, அதனாலேயே பல டிரைவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இருப்பதில்லை. தோட்டத்துக்காரர் பெயர், நம்பர், எத்தனை மூட்டை, எந்த மண்டி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வழியில் ஏறும் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம், பிரிக்க விடாதவர் மூட்டை வேண்டவே வேண்டாம்.

அப்புறம், விற்ற பழைய ஜீப்பும் பிக்கப்பும். நம் மலையில் பாதி வண்டிகள் கைமாறி மூன்று பேரிடம் போன பிறகும் ஆர்சி முதல் ஆள் பெயரிலேயே இருக்கும். அந்த வண்டி எங்காவது பிடிபட்டால் முதலில் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான். வண்டிப் பதிவுக்கான அரசின் பரிவாஹன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் படிவம் 29, 30 கொடுத்து மாற்றுங்கள். வாங்கியவர் இழுத்தடித்தால், விற்ற விவரத்தை ஆர்டிஓ ஆபீசில் எழுத்தில் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கி வையுங்கள்.