அண்டார்க்டிகாவில் கிரில் பிடிப்பு: விழுக்காட்டுக் கணக்கு சொல்லாதவை

தென் பெருங்கடலில் வாழும், இறாலை ஒத்த, சுண்டுவிரல் நீளமே உள்ள அண்டார்க்டிக் கிரில்களின் மொத்த எடை ஏறத்தாழ 38 கோடி டன் என்பது ஒரு மதிப்பீடு. மீன் பண்ணைத் தீவனத்துக்காகவும் ஒமேகா-3 எண்ணெய்க்காகவும் ஆண்டுதோறும் பிடிக்கப்படுவது இதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கணக்கு சரிதான், ஆனால் குஞ்சு வளர்க்கும் பெங்குயின் அந்தப் பெருங்கடல் முழுவதிலும் இரை தேட முடியாது.

கிரில் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே அண்டார்க்டிக் தீபகற்பம், தெற்கு ஆர்க்னி, தெற்கு ஜார்ஜியா தீவுகள் ஆகியவற்றை ஒட்டிய கடற்பகுதியில்தான் இயங்குகின்றன. நீரோட்டங்கள் கிரில்களை அடர்ந்த திரள்களாகச் சேர்த்துத் தரும் அதே இடங்களை நம்பித்தான் பெங்குயின்களும் சீல்களும் கரையில் இனம்பெருக்குகின்றன. திரள் மெலிந்தால் தாய்ப்பறவை தொலைவுக்குச் சென்று தாமதமாகத் திரும்புகிறது; குஞ்சு எடை குறைந்தே கடலில் இறங்குகிறது. இதை உணர்ந்து 2018இல் பெரும்பாலான நிறுவனங்கள் இனப்பெருக்கக் காலத்தில் பெங்குயின் குடியிருப்புகளை ஒட்டிய நீரைத் தாமாகவே தவிர்க்க முன்வந்தது நல்ல செய்தி. ஆயினும் இலையுதிர் காலத்தில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் இரைக்காகக் கூடும் நீரிணைகளில் கப்பல்களும் கூடுகின்றன.

கிரில்களின் எண்ணிக்கையும் நிலையானதன்று. அவற்றின் இளம் பருவங்கள் கடல்பனியின் அடியில் படரும் பாசியைத் தின்றே குளிர்காலத்தைக் கடப்பதால், பனி குறைந்த ஆண்டுகளில் புதிய தலைமுறை மெலிந்துபோகிறது. பிடிப்பு வரம்போ அதற்கேற்பக் குறைவதில்லை. கிரில்களின் கழிவு விரைந்து மூழ்கி, பாசிகள் உறிஞ்சிய கரிமத்தின் (கார்பனின்) ஒரு பகுதியை ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்வதையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும்.

1982இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை, பிடிக்கும் இனத்தை மட்டுமின்றி அதை உண்பவற்றையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. அதன்படி தென்மேற்கு அட்லாண்டிக் பகுதிக்கு 6,20,000 டன் என வரம்பு உண்டு. அத்தனையும் ஓரிடத்திலேயே பிடிக்கப்படாதிருக்க, 2009இல் அதை உட்பகுதிகளுக்குப் பிரித்து, தீபகற்பப் பகுதிக்கு 1,55,000 டன் என உச்சவரம்பு வைத்தார்கள். என் பார்வையில் மொத்த வரம்பைவிட இந்தப் பங்கீடே முக்கியமானது. உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமித்தால்தான் காலவரையறை கொண்ட இந்த விதியை நீட்டிக்க முடியும் என்ற நிலையில், 2024இல் உடன்பாடு எட்டப்படாமல் அது காலாவதியானது. அடுத்த பருவத்தில் கப்பல்கள் தீபகற்பத்தை ஒட்டிக் குவிந்தன. 2025 ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மொத்த வரம்பும் முதன்முறையாக எட்டப்பட்டு, பிடிப்பு நிறுத்தப்பட்டது.