உறைபனிக்கு முந்திய தக்காளி

ரொறன்ரோவில் ஒக்டோபர் பிறந்தால், கொல்லையில் தக்காளி வைத்திருப்பவர்களின் காது வானிலை அறிக்கையிலேயே இருக்கும். இன்றிரவு உறைபனி என்று சொல்லிவிட்டால் பொழுதுபடுவதற்குள் கூடையோடு இறங்கியாக வேண்டும். காய், செங்காய், பழம் எல்லாம் ஒரே நாளில் குசினி மேசைக்கு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோவை ஒரு கிழமைக்குள் யார் சாப்பிட்டு முடிப்பது?

இங்குள்ள இத்தாலியக் குடும்பங்களுக்கு இது பழகிய வேலை. கோடை முடிகிற நேரம் கராஜுக்குள் பெரிய அண்டாவை ஏற்றி, மாரிக்கு வேண்டிய தக்காளியை அரைத்துப் போத்தலில் அடைத்துக் கொதிக்க வைப்பார்கள். இந்த முறையின் மூலவர் பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர். உணவைக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடிக் கொதிநீரில் வைத்தால் கெடாது என்று காட்டி, 1810இல் அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். ஏன் கெடுவதில்லை என்று அவருக்குத் தெரியாது. நுண்ணுயிர்களைக் கொண்டு அதை விளக்க விஞ்ஞானி லூயி பாஸ்டர் வரும்வரை அரை நூற்றாண்டு பொறுக்க வேண்டியிருந்தது.

ஆனால் கொதிநீருக்கும் சாகாத ஒன்று உண்டு. குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நிலைமை சரியில்லாதபோது கெட்டியான வித்தாக மாறி அடங்கிக் கிடக்கும். 100 பாகையில் மணிக்கணக்கில் கொதித்தாலும் அந்த வித்து தாக்குப்பிடிக்கும். அழுத்தத்தில் 121 பாகைக்கு ஏற்றினால்தான் சில நிமிடங்களில் அழியும். காற்றில்லாத இடம்தான் அதற்கு வாய்ப்பு. மூடிய போத்தலுக்குள்ளும் காற்று இல்லை. முளைத்துவிட்டால் அது விடும் நஞ்சு நரம்பைத் தாக்கி, மூச்சுவிடும் தசைகளையும் முடக்கும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை.

அப்படியென்றால் கொதிநீரில் மட்டும் வைத்தெடுத்த தக்காளி எப்படித் தப்புகிறது? புளிப்பால்தான். அமிலத்தை அளக்கும் பிஎச் எண் 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்து முளைக்காது. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. தேசிக்காய்ச் சாறு 2 அளவில் நிற்கும். தக்காளியோ வகைக்கும் பழுத்த பதத்துக்கும் தக்கபடி ஏறத்தாழ 4.2இலிருந்து 4.9 வரை ஆடும். வேலிமேல் உட்கார்ந்திருக்கும் பழம் அது. நாக்கை நம்பவும் முடியாது, சீனி கூடினால் அமிலம் இருந்தும் இனிப்பாகவே படும்.

அதனால்தான் லீற்றர் போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு அல்லது அரைத் தேக்கரண்டி சிற்றிக் அமிலம் விடச் சொல்கிறார்கள். கடையில் போத்தலில் விற்கும் சாறுதான் வேண்டும். நாமே பிழிந்த தேசிப்புளியின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். அரைத்த தக்காளி என்றால் பிறகு 45 நிமிடம் கொதிநீரில் முழுக வைக்க வேண்டும்.

அந்த மாலை ஓட்டத்துக்கும் இங்கேதான் காரணம் கிடக்கிறது. உறைபனியில் செத்த செடியில் தொங்கும் பழத்தைப் போத்தலில் அடைக்கக் கூடாது. அடிபட்ட பழத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் அமிலத்தைத் தின்னத் தின்ன பழம் 4.6ஐத் தாண்டி மறுபக்கம் போய்விடும். பச்சைக்காய்க்கு அந்தப் பயம் குறைவு, பழுத்ததைவிட அதில்தான் அமிலம் அதிகம்.

பச்சைக்காயைப் பழுக்க வைக்கவும் செய்யலாம். ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே வழுவழுப்புக் கட்டி, விதை கத்திக்கு வழுக்கிக்கொண்டு போனால் அது முற்றிய காய். ஒரு அப்பிளோடு கடதாசிப் பெட்டியில் வைத்தால், அப்பிள் விடும் எத்திலீன் வாயு பழுக்க வைத்துவிடும். வெயில் வேண்டாம். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், குளிர் அந்த வேலையையே நிறுத்திவிடும்.

சிலர் வீட்டுப் போத்தலில் அடியில் தண்ணீரும் மேலே சக்கையுமாகப் பிரிந்து நிற்கும். தக்காளியை வெட்டியதுமே அதன் நொதிகள் பெக்டினைச் சிதைக்கத் தொடங்கிவிடும். குழம்பைத் தடிப்பாக்குவதே அந்தப் பெக்டின்தான். எல்லாவற்றையும் வெட்டிக் குவித்துவிட்டு அடுப்பை மூட்டினால் அதற்குள் நொதி வேலையை முடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, உடனுக்குடன் சூடான சட்டியில் போட்டு மசித்தால் நொதி வெந்து அடங்கும், சாறும் தடிப்பாக நிற்கும்.

நம்மவர்கள் தவறுகிற இடம் ஒன்றுண்டு. வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் போட்டு வதக்கிய குழம்பை அப்படியே போத்தலில் ஊற்றி அவித்து வைப்பது. இவை எதிலும் போதிய புளிப்பு இல்லை. சேரச் சேர பிஎச் ஏறும். மேலே எண்ணெய் மிதந்தாலும் காவல் இல்லை, அது காற்றை மறித்து அந்த வித்துக்கே வசதி செய்து கொடுக்கும். 1985இல் வான்கூவரில் எண்ணெயில் இட்ட பூண்டைச் சாப்பிட்டு 36 பேர் இந்த நஞ்சுக்கு ஆளானார்கள். வதக்கிய குழம்பென்றால் பையில் கட்டி −18 பாகையில் உறைய வையுங்கள். அந்தக் குளிரில் எந்தக் கிருமியும் வளராது.

போத்தலுக்குள் தக்காளியும் புளிப்பும் போதும், விரும்பினால் உப்பு. மூடி புடைத்திருந்தால் சுவை பார்க்காமலே எறிந்துவிடுங்கள். நடுவில் உள்வாங்கி இறுகியிருந்தால், ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது திறந்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் அன்றைக்குத் தாளித்துச் சொதி வைக்கலாம். கறிவேப்பிலைச் செடியைத்தான் எப்போதோ வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டோமே.