கவிழ்ந்த குவிமாடமும் பொங்கல் பானையும்

கோலாலம்பூரில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு முதன்முதலாகப் போனபோது 200 படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். கூட வந்த அண்ணன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, கையில் கைப்பேசி கிடையாது. கூரையிலிருந்து கீழ்நோக்கிப் புடைத்து நிற்கும் தலைகீழ்க் குவிமாடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "ஏன் அத்தை இதைக் கவுத்து வச்சிருக்காங்க?" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடியிலேருந்து பார்த்தா நம்ம வீட்டுப் பொங்கப் பானை மாதிரி இருக்கு" என்றாள். ஆறு வருடம் ஆகிறது. அந்தக் குவிமாடத்தை இன்றும் அவள் தாளில் வரைந்து காட்டுவாள். எனக்கோ கைப்பேசியைத் திறந்தால்தான் அங்கே என்னென்ன இருந்தன என்பதே தெரியும்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கண்ணிலிருந்தே தொடங்கலாம்.

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நாம் துல்லியமாகப் பார்ப்பது ஏறத்தாழ அந்த அகலத்தைத்தான். விழித்திரையின் நடுவே ஃபோவியா என்ற சின்னஞ்சிறு குழி இருக்கிறது. ஒளியுணரும் கூம்புச் செல்கள் அங்கேதான் மிக நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதைச் சுற்றிய பார்வையெல்லாம் மங்கல். அதனால் கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி, நகமளவு துண்டுகளைப் பொறுக்குகிறது. அவற்றை ஒட்டி ஒரே காட்சியாக்குவது மூளையின் வேலை.

அடுத்து எங்கே தாவுவது என்பதைப் பெருமளவு நம் மனத்தில் இருக்கும் கேள்வியே முடிவு செய்கிறது. சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்புஸ் இதை அழகாகக் காட்டினார். எதிர்பாராமல் வீடு திரும்பும் ஒருவரைக் குடும்பமே திகைத்துப் பார்க்கும், ரஷ்ய ஓவியர் ரெப்பினின் ஓவியத்தை ஒருவர் முன் வைத்து, அவருடைய விழியசைவுகளைப் பதிவு செய்தார். 'இவர்களுக்கு என்ன வயது?' என்று கேட்டதும் பார்வை முகம் முகமாகப் போனது. 'என்ன உடை அணிந்திருக்கிறார்கள்?' என்றதும் தடமே மாறிவிட்டது. ஓவியம் ஒன்றுதான், கண்ணும் ஒன்றுதான். கேள்வி மட்டுமே வேறு. அண்ணன் மகளிடம் ஒரு கேள்வி இருந்தது, என்னிடம் இல்லை.

அவசரமும் சேர்ந்துகொள்கிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வில், ஓர் ஓவியத்தின் முன் நின்ற சராசரி நேரம் 27 விநாடி. பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். பெயர்ப்பலகையைப் படிக்கும் நேரமும் இதற்குள் அடக்கம்!

படம் எடுப்பதைப் பற்றி லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் ஆராய்ந்திருக்கிறார். மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்தில் சுற்ற வைத்து, சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் சோதித்தபோது, முழுதாகப் படம் எடுத்த பொருள்களே குறைவாக நினைவில் நின்றன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது போலும். ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எந்தப் பகுதி என்று தேர்ந்தெடுக்க உற்றுப் பார்த்துத்தானே ஆக வேண்டும்!

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது அந்தப் பொங்கல் பானைதான். மூளையின் உட்பகுதியில் கடற்குதிரை வடிவில் இருக்கும் ஹிப்போகேம்பஸ், புதிய காட்சியையும் இடத்தையும் உணர்வையும் ஒரே முடிச்சாகக் கட்டுகிறது. ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு அந்த முடிச்சைப் பிணைத்துவிட்டால் எளிதில் அவிழாது. அவள் பாட்டி வீட்டு வாசலில், அடுப்பருகே குந்தி உட்கார்ந்து கரி படிந்த பானையை எத்தனையோ தைப்பொங்கலுக்குப் பார்த்தவள். குவிமாடம் அந்த நினைவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

2012இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஓவியங்களைக் காட்டி, எவ்வளவு நெகிழ வைத்தது என்று மதிப்பெண் இடச் சொன்னார்கள். நம்மைப் பற்றியும் நம் கடந்த காலத்தைப் பற்றியும் நினைக்கும்போது இயங்கும் ஒரு மூளை வலையமைப்பு உண்டு. வெளியே எதையாவது கூர்ந்து பார்க்கும்போது அது பொதுவாக அடங்கிவிடும். உச்ச மதிப்பெண் பெற்ற ஓவியங்களின்போது மட்டும் அதன் முக்கியப் பகுதிகள் அப்படி அடங்கவில்லை. எந்த ஓவியம் உச்சம் என்பதோ ஆளுக்கு ஆள் மாறியது. ஒருவரை உலுக்கியது இன்னொருவரைத் தொடவே இல்லை. அதனால்தான், 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து' என்ற பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

1998இல் திறக்கப்பட்ட அந்தக் கோலாலம்பூர் அருங்காட்சியகக் கட்டடம் சுமார் 30,000 சதுர மீட்டர். ஒரே நாளில் முழுவதையும் பார்க்க முயன்றால் காலும் கழுத்தும் வலிக்கும், கவனம் அதற்கும் முன்பே போய்விடும். போன பள்ளி விடுமுறையில் இருவரும் மறுபடி போனோம். அதே நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சாப்பாடு, பிறகு இந்தியக் காட்சிக்கூடம் மட்டும். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் முன் பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது அவள் போட்ட விதி. நான் முகலாயர் காலத்து நகை ஒன்றின் முன் நின்றேன். நான்காவது நிமிடத்தில், என் அம்மாவின் அட்டிகையில் ஒரு கல் விழுந்து, அந்தக் குழி மட்டும் கடைசிவரை வெறுமையாக இருந்தது நினைவுக்கு வந்தது. படம் எடுக்கவில்லை.